பள்ளியில் ஒரு மருத்துவ அறை: அரசின் கடமையும் நம் கடமையும்

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் குழுவினர் சென்ற மாதம் கூடியபோது ஒரு விவாதம் எழுந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். விழாச் செலவு போக மீதமாகும் பணத்தை என்ன செய்வது என்பதே கேள்வி. கோவில் முகப்பில் நினைவு வளைவு கட்டலாம் என்றனர் சிலர். நம் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுந்து, "சாமி, பள்ளிக்கூடத்தில் காய்ச்சலோடு வருகிற பிள்ளையைப் படுக்க வைக்க ஒரு கட்டில்கூட இல்லை. ஒரு மருத்துவ அறை கட்டுவோமே" என்றார். உடனே இரண்டு மறுப்புகள் கிளம்பின. "பிள்ளைகளின் வைத்தியம் அரசாங்கத்தின் வேலை, அதை நாம் ஏன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்?" என்றார் ஒருவர். "அரசாங்கத்தை எதற்கு எதிர்பார்க்க வேண்டும்? முன்பு சிஸ்டர்மார் டிஸ்பென்சரி நடத்தவில்லையா? நாமே நடத்துவோம்" என்றார் மற்றொருவர். இரண்டு பேரும் நல்லெண்ணத்தோடுதான் பேசினார்கள். அன்றைக்கு முடிவு எடுக்காமல் கலைந்தோம். அந்த இரண்டு மறுப்புகளையும் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்கவே இன்று உங்கள்முன் நிற்கிறோம்.

முதலில் ஒரு நிகழ்ச்சி. அது நம் மனத்தை இன்றளவும் உறுத்திக்கொண்டிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில், வேறொரு பள்ளிக்குத் தாளாளர் பொறுப்பில் இருந்தோம். ஊரின் பெயர் இங்கு வேண்டாம். ஆறாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. கரும்பலகையைப் பார்த்து எழுதினால் எல்லாம் தப்பும் தவறுமாக எழுதுவாள். வாயால் கேட்டால் சரியாகச் சொல்லுவாள். "கவனம் இல்லாத பிள்ளை" என்று ஆசிரியர்கள் முடிவு கட்டினார்கள். நாங்களும் ஒருநாள் அவளை அலுவலக அறைக்கு அழைத்துக் கண்டித்து அனுப்பினோம். பரீட்சையில் மதிப்பெண் சரிந்துகொண்டே வந்தது.

ஆண்டு முடியும் வேளையில் பழைய பதிவேடுகளை ஒழுங்குபடுத்தினோம். அப்போதுதான் கண்டோம்: ஒன்பது மாதங்களுக்கு முன்பே அரசு மருத்துவக் குழு பள்ளிக்கு வந்து அத்தனை பிள்ளைகளையும் சோதித்திருக்கிறது. இந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே பார்வைக் குறைவு என்றும், அரசு மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும் என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது. பதிவேட்டின் அடியில் பள்ளியின் கையொப்பமும் முத்திரையும் இருந்தன. தாய்க்கு ஒரு சீட்டும் கொடுத்தனுப்பப்பட்டிருந்தது.

அந்தத் தாயை வரவழைத்துக் கேட்டோம். அவர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்பவர். "சாமி, ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா ஒருநாள் வேலை போயிரும். அதுபோக, சீட்டுல என்ன எழுதியிருக்காகன்னு எனக்கு யாரு வாசிச்சுச் சொன்னா?" என்றார். நம்மிடம் அதற்குப் பதில் இல்லை.

பிறகு ஆசிரியை ஒருவர் அந்தப் பிள்ளையை அழைத்துச் சென்று கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் பள்ளி வாசலில் நின்றபோது அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சாமி, இனிமே எந்த பஸ்ஸுன்னு யாருட்டயும் கேக்க வேண்டியதில்லை." அதுவரை பஸ்ஸின் பெயர்ப் பலகையை அவள் வாசித்ததே இல்லை!

இதில் குற்றம் யாருடையது? மருத்துவக் குழு வந்தது, சோதித்தது, எழுதிக் கொடுத்தது. அரசாங்கப் பணம் ஒழுங்காகச் செலவானது. பள்ளி கையொப்பம் இட்டது. தாய் சீட்டைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். அவரவர் வேலையை அவரவர் செய்துவிட்டோம். ஆனால் அந்தச் சீட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த சில மைல் தூரத்தைப் பிள்ளையோடு நடந்து கடக்க ஓர் ஆள் இல்லை. இன்று நாம் பேசப்போவதெல்லாம் அந்த ஓர் ஆளைப் பற்றித்தான்.

நம் கரிசல் சீமையின் வாழ்க்கை உங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் விதைக்கிறோம். மழை பொய்த்தால் காடு பொய்த்துவிடும். பிறகு கை பிடித்து நிறுத்துவது தீப்பெட்டி வேலைதான். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் ஒரு காலத்தில் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பிள்ளைகளின் கைகளே ஓடின. இருள் பிரியுமுன் கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்றதைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். 1976-ஆம் ஆண்டில் சிவகாசிப் பக்கம் அப்படிச் சென்ற ஒரு பஸ் விபத்துக்குள்ளாகிப் பிள்ளைகள் மாண்டபிறகே அரசாங்கம் ஹர்பன் சிங் குழுவை அமைத்து விசாரித்தது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகள் வேலை செய்வது பற்றித் தொடுக்கப்பட்ட வழக்கில், 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பிள்ளையை அபாயமான வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் நல நிதியில் கட்டவேண்டும். பிள்ளையின் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித் தரவேண்டும், இயலாவிட்டால் 5,000 ரூபாய் தன் பங்காகச் சேர்க்கவேண்டும் என்று அது கூறியது.

இதை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. சட்டமும் நீதிமன்றமும் சேர்ந்து, "பிள்ளையே, உன் இடம் பள்ளிக்கூடம்" என்று சொல்லின. பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். வந்த பிள்ளை தன் உடம்பையும் கூடவே கொண்டுவருகிறது. பசியும் இரத்தசோகையும் சொத்தைப் பல்லும் மங்கிய பார்வையும் வாசலில் செருப்பைப்போலக் கழற்றி வைக்கக்கூடியவை அல்ல. கண் தெரியாத பிள்ளைக்கு எழுத்து ஏறாது. இரத்தம் இல்லாத பிள்ளைக்குப் பாடம் நிற்காது. ஆகவே பள்ளிக்குக் கொடுக்கும் பணத்தில் பிள்ளையின் உடலுக்கும் பங்கு இருக்கவேண்டும் என்பது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. வீட்டுக் கணக்குத் தெரிந்த எந்தத் தாய்க்கும் விளங்கும்.

இந்த உண்மையை அரசாங்கம் முதன்முதலில் பெரிய அளவில் ஒப்புக்கொண்டது வேறெங்கோ அல்ல, நம் பக்கத்து ஊரில்தான். 1956-ஆம் ஆண்டு முதலமைச்சர் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கல்வித்துறை இயக்குநராயிருந்த நெ.து. சுந்தரவடிவேலு அவர்கள் அதற்குத் தோள் கொடுத்தார். "சோறு போடுவது பள்ளிக்கூடத்தின் வேலையா?" என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் அத்திட்டம் வளர்ந்த விதத்தைக் கவனியுங்கள். முதலில் ஊரார் பிடியரிசியும் தானியமும் காய்கறியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பின்பு செலவில் நூற்றுக்கு 60 பங்கை அரசு ஏற்றது, 40 பங்கை ஊர் ஏற்றது. 1982 ஜூலையில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அப்போது தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்ற பிள்ளைகளில் நம் வயதுக்காரர்கள் பலர் உண்டு. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. 2024 ஜூலையில் கிராமப்புறத்து அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. ஊர் தொடங்கியதை அரசு தாங்கியது. அரசு தாங்கியதால்தான் அது எழுபது ஆண்டாக நிற்கிறது. இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

சோற்றுக்கு நேர்ந்த நல்ல காலம் மருத்துவத்துக்கு நேர்ந்ததா? இதன் கதை நீண்டது, சுருக்கமாகச் சொல்வோம். இங்கிலாந்து நாட்டில் 1907-ஆம் ஆண்டிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்தவேண்டும் என்று சட்டம் வந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப்போனபோது, ஏழை வீட்டு இளைஞர்களில் பலர் உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டதே அதற்குத் தூண்டுதல். இந்தியாவில் 1909-இல் பரோடா நகரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் பரிசோதனை நடந்தது. 1946-இல் சர் ஜோசப் போர் தலைமையிலான குழு, நாட்டில் பள்ளி மருத்துவப் பணி என்பது ஏறத்தாழ இல்லவே இல்லை என்று கண்டு எழுதியது. அக்குழுவில் உறுப்பினராயிருந்தவர் நம் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். அவரே பின்னர் இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைவராகி 1953-இல் அறிக்கை தந்தார். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒழுங்கான பள்ளி மருத்துவப் பணி வேண்டும், ஆண்டுதோறும் பிள்ளைகளை முழுமையாகச் சோதிக்கவேண்டும், சோதித்தபின் தொடர்ந்து கவனித்து வைத்தியம் செய்யவேண்டும், ஆசிரியர்கள் சிலருக்கு முதலுதவிப் பயிற்சி தரவேண்டும் என்பவை அவ்வறிக்கையின் பரிந்துரைகளுள் அடங்கும். சோதிப்பதோடு நின்றுவிடாமல் தொடர்ந்து கவனிக்கவேண்டும் என்று அந்த டாக்டர் அன்றே எழுதிவிட்டார். நாம் இன்று கேட்பதும் அதுவே.

அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சாகும். தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டில் சிறுவர்களின் இருதய அறுவைச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டும் திட்டம் வந்தது. 2009-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் சோதித்துக் கண்ணாடி வழங்கும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் வந்தது. 2013-இல் நாடு முழுவதும் தேசியச் சிறார் நலத் திட்டம் தொடங்கியது. மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் அடங்கிய நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறையும் வருகின்றன. பிறவிக் குறைகள், நோய்கள், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் தேடுகின்றன. 18 வயது வரை இந்த உரிமை உண்டு. கண்டுபிடித்த நோய்க்கு மேல் சிகிச்சையும் இலவசம். இதற்கான செலவை மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. இவை யாவும் நம் வரிப் பணம். தீப்பெட்டி வாங்கும்போதும் உப்புமூட்டை ஏற்றும் லாரிக்கு டீசல் போடும்போதும் நாம் கட்டும் வரிப் பணம்தான் சுற்றி வந்து நம் பிள்ளையின் நெஞ்சில் டாக்டரின் குழலாக வந்து நிற்கிறது. ஆகையால் அதைப் பிச்சையாக நினைத்துக் கூனிக் குறுக வேண்டியதில்லை. நம்முடையது என்று நினைத்துக் கண்காணிக்கவேண்டும்.

எனில், குறை எங்கே? ஆண்டுக்கு ஒருநாள் வரும் குழு, மீதியுள்ள பள்ளி நாட்களில் இல்லை. இதன் விளைவை மூன்று எடுத்துக்காட்டுகளால் விளக்குவோம்.

முதலாவது, கண்ணாடி. அந்தப் பெண் குழந்தையின் கதையைச் சொல்லிவிட்டோம். கண்ணாடி கிடைத்த பிள்ளையும் அது உடைந்தால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கிறது. கேலிக்கு அஞ்சிப் பையிலேயே வைத்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. "ஏன் கண்ணா போடவில்லை?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

இரண்டாவது, இரும்புச் சத்து மாத்திரை. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 ஆண்டுகளில் கண்டபடி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. இன்று நம் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகள் நாளை அந்தக் கணக்கில் சேரப் போகிறவர்கள். இதற்காகவே 2013 முதல் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மாத்திரை தர அரசு ஏற்பாடு செய்தது. ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரையும் தருகிறார்கள். ஆனால் ஒருமுறை பள்ளிச் சுவருக்குப் பின்னால் கருவேல மரத்தடியில் அந்த மாத்திரைகள் சிதறிக் கிடந்ததை நாங்களே பொறுக்கினோம். பிள்ளைகளைத் திட்டத் தோன்றியது. விசாரித்தபோதுதான் தெரிந்தது: காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை அதை விழுங்கினால் வயிற்றைப் பிரட்டுகிறது. காலை உணவோ ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு போடு, மலம் கறுப்பாய்ப் போனால் பயப்படாதே, புளிப்பான பழத்தோடு சேர்ந்தால் நன்றாகச் சத்துப் பிடிக்கும், உடனே டீ குடிக்காதே என்று சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லை. மாத்திரைக்குப் பணம் இருந்தது. அதை வயிற்றில் தங்கவைக்கும் இரண்டு வார்த்தைக்குப் பணம் இல்லை.

மூன்றாவது, சற்றுக் கடுமையானது. சில பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் வந்து, கவனிக்காமல் விட்டால், இரண்டொரு வாரத்தில் காய்ச்சலும் முழங்கால், கணுக்கால் வீக்கமும் காணும். ருமாட்டிக் காய்ச்சல் என்பார்கள். மூட்டு வலி தானே போய்விடும். போகும்போது இருதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போகும். மீண்டும் மீண்டும் வந்து தாக்காமல் தடுக்க ஒரு பழைய, விலை குறைந்த மருந்து இருக்கிறது: பென்சிலின் ஊசி. ஆனால் அதை மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில், ஒருமுறையும் தவறாமல் போட்டாக வேண்டும். ஆண்டுக்கு ஒருநாள் வரும் குழு இதை எப்படிச் செய்யும்? வால்வு கெட்டபின் இலட்சக்கணக்கில் செலவழித்து அறுவைச் சிகிச்சை செய்ய அரசிடம் திட்டம் இருக்கிறது. கெடாமல் காக்கும் சில ரூபாய் ஊசியை "இன்றைக்கு உனக்கு நாள், வா" என்று அழைத்துச் செல்ல ஆள் இல்லை.

விவிலியத்தில் எருசலேம் நகரத்து ஆட்டு வாயில் அருகே ஐந்து மண்டபங்களோடு ஒரு குளம் இருந்ததைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எப்போதோ ஒருமுறை தண்ணீர் கலங்கும். முதலில் இறங்குகிறவன் குணமடைவான் என்று நம்பினார்கள். முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவன் அதன் கரையில் படுத்துக் கிடந்தான். குளம் இல்லை என்று அவன் முறையிடவில்லை. தண்ணீர் கலங்கும்போது தன்னைத் தூக்கி இறக்கிவிட ஓர் ஆள் இல்லை என்றுதான் ஆண்டவரிடம் சொன்னான். ஆண்டுக்கு ஒருமுறை நம் பள்ளியிலும் தண்ணீர் கலங்குகிறது, சகோதரர்களே. கரையில் கிடக்கும் பிள்ளைக்குத்தான் ஆள் இல்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள குறை என்று எண்ணவேண்டாம். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பள்ளி மருத்துவ நிலையங்களுக்கென்று நான்கு ஆண்டுகளில் 20 கோடி டாலர் ஒதுக்கியது. ஆனால் அந்தப் பணத்தைக் கட்டடத்துக்கும் கருவிகளுக்கும்தான் செலவழிக்கலாம்; ஊழியர் சம்பளத்துக்குச் செலவழிக்கக் கூடாது. நடத்தும் செலவுக்கு உதவலாம் என்று அதே சட்டம் வேறோர் இடத்தில் சொன்னது. சொன்னதோடு சரி, அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. சுவர் கட்டப் பணம் தருவது எங்கும் எளிது. திறந்து வைக்கலாம், கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். மாதந்தோறும் சம்பளம் தருவதற்குக் கல்வெட்டு இல்லை. ஜப்பானில் முறை வேறு. அங்கே பெரும்பாலும் எல்லாப் பள்ளிகளிலும் உடல்நல அறை ஒன்று உண்டு. அதில் பிள்ளைகளின் உடல்நலத்துக்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் நாள் முழுவதும் இருப்பார். நம் நாட்டிலும் 2022 மார்ச்சில் தில்லி அரசு 20 அரசுப் பள்ளிகளில் மருத்துவ நிலையங்களைத் திறந்து பார்த்தது. வழி இருக்கிறது என்பதற்கு இவை சாட்சி.

இப்போது அந்த இரண்டு மறுப்புகளுக்கும் வருவோம்.

"நாமே டிஸ்பென்சரி நடத்துவோம்" என்று சொன்னவரின் அன்பை மதிக்கிறோம். கரிசல் காட்டுப் பங்குகள் பலவற்றில் கன்னியர் மடத்து டிஸ்பென்சரிதான் அந்நாளில் ஒரே ஆஸ்பத்திரி. தேள்கடிக்கும் பிரசவத்துக்கும் சாதி மதம் பாராமல் அங்குதான் ஓடினோம். ஆனால் அவற்றில் எத்தனை இன்று திறந்திருக்கின்றன? மருத்துவம் தெரிந்த சிஸ்டர் மாற்றலாகிப் போனார், வெளிநாட்டு உதவி நின்றது, கதவு சாத்தப்பட்டது. குற்றம் சொல்ல இதில் யாருமில்லை. தருமத்துக்கு மனம் பெரிது, மூச்சு குறைவு. இந்தப் பொன்விழாப் பணம் ஒரு செவிலியருக்கு இரண்டாண்டு சம்பளம் கொடுத்தாலே தீர்ந்துபோகும். மூன்றாம் ஆண்டு பிள்ளைக்கு யார் ஊசி போடுவது? ஆண்டுக்கணக்கில் நீளும் சுமையைத் தாங்க அரசாங்கத்தின் தோள்தான் வேண்டும்.

நம் பள்ளியையே பாருங்கள். வகுப்பறைகளை நம் பெரியவர்கள் கல் சுமந்து கட்டினார்கள். ஆனால் ஆசிரியர்களின் சம்பளத்தை அரசு தருவதால்தான் பள்ளி நிற்கிறது. தராதிருந்தால் ஒன்று மூடியிருப்போம், அல்லது ஏழைகளிடம் கட்டணம் வாங்கியிருப்போம். இடம் நம்முடையது, ஆள் அரசினுடையது. பள்ளிக்கூடத்தில் பலித்த இந்த ஏற்பாடு மருத்துவ அறையிலும் பலிக்கும்.

"கோவில் நடத்தும் பள்ளிக்கு அரசுப் பணம் தகுமா?" என்று வெளியார் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நம் பள்ளி வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அரசுப் பணம் அந்தப் பிள்ளைகளைத் தேடி வருகிறது. நம்மைத் தேடி அல்ல. ஆகவே அந்த அறையில் எந்தப் பிள்ளைக்கும் வேறுபாடு இருக்கக்கூடாது. கணக்கு யார் கேட்டாலும் காட்டும்படி இருக்கவேண்டும். பிள்ளையின் நோய் விவரம் ஊர் வாயில் விழாமல் காக்கப்படவேண்டும். பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது மிக மிக முக்கியம். இன்னொன்றும் சொல்லவேண்டும். உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு நடமாடும் குழு செல்வது அத்திட்டத்தில் இல்லை. கடன் வாங்கி ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தீப்பெட்டித் தொழிலாளியின் பிள்ளைக்கும் கண் மங்கும். அவர்களுக்கும் சேர்த்தே நாம் கேட்கவேண்டும்.

"அரசாங்கத்தின் வேலையை நாம் ஏன் செய்யவேண்டும்?" என்றவருக்கும் ஒரு சொல். அரசாங்கத்தின் வேலையை நாம் செய்யப்போவதில்லை. அரசாங்கம் தன் வேலையைச் செய்யும்படி கேட்கப்போகிறோம். அது வரும்வரை பிள்ளையைக் கரையில் கிடக்க விடாமலிருக்கப் போகிறோம். எட்டயபுரத்துப் பிடியரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் முதலில் கையை நீட்டியது. பிறகு அரசு வந்தது.

ஆகவே பொன்விழாக் குழுவின் முன் நான்கு காரியங்களை வைக்கிறோம்.

1. வளைவு காத்திருக்கட்டும். பள்ளியின் கீழ்ப்புறத்தில் உள்ள பழைய சாமான் அறையைச் செப்பனிட்டு, ஒரு கட்டில், எடைப் பொறி, உயரம் பார்க்கும் அளவுகோல், ஆறு மீட்டர் தூரத்தில் நின்று வாசிக்கும் எழுத்துப் பலகை, கை கழுவும் குழாய், பூட்டுள்ள அலமாரி ஆகியவற்றை அமைப்போம்.

2. ஒரு பதிவேடு. மருத்துவக் குழு சீட்டு எழுதிய ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரே, "ஆஸ்பத்திரிக்குப் போன நாள், உடன் போனவர், செய்த சிகிச்சை" என்று மூன்று கட்டங்கள் இருக்கும். கட்டம் நிரம்பாத பெயர்களை ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை தாளாளர் பார்க்கவேண்டும். இது நமக்கு நாமே விதித்துக்கொள்ளும் தண்டனை என்றும் கொள்ளலாம்.

3. உடன் நடப்போர். வின்சென்ட் தே பவுல் சபையும் மரியாயின் சேனையும் இளைஞர் இயக்கமும் சேர்ந்து, வேலையை விட்டு வர இயலாத தாய்மாருக்குப் பதிலாக, அவர்கள் சம்மதத்தோடு பிள்ளையைக் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல முன்வரவேண்டும். பிறசமயச் சகோதரிகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெண்பிள்ளையோடு பெண் ஒருவரே செல்லவேண்டும். சீட்டை வாசித்துத் தாய்க்கு விளக்குவதும் இவர்கள் பொறுப்பு.

4. மனு. பள்ளிக்கு ஒரு செவிலியர் என்று கேட்டால் பேராசை என்பார்கள். அக்கம்பக்கத்து நாலைந்து பள்ளிகளுக்கு ஒரு செவிலியர், நிலையான பணியிடம், அரசுச் சம்பளம் என்று கேட்போம். பெற்றோர் கையொப்பத்தோடு வட்டார மருத்துவ அலுவலரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுப்போம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில் இதைத் தீர்மானமாக எழுதச் சொல்வோம். கட்டடம் தருகிறோம் என்று எவரேனும் சொன்னால் நன்றி கூறி, "கட்டடம் எங்களிடம் இருக்கிறது ஐயா, ஆளைத் தாருங்கள்" என்று பணிவாகச் சொல்வோம்.

மறுப்பு இன்னும் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள். பேசி முடிவு செய்வோம். அரசு உடனே செவி சாய்க்கும் என்று உங்களுக்கு வாக்குத் தர நம்மால் இயலாது. ஓர் ஆண்டோ ஐந்து ஆண்டோ ஆகலாம். ஆனால் பதிவேடு நம் கையில் இருக்கும். இத்தனை பிள்ளைகளைக் கண்டுபிடித்தீர்கள், இத்தனை பேரை நாங்கள் அழைத்துச் சென்றோம், இத்தனை பேர் ஆளில்லாமல் விடுபட்டார்கள் என்று எண்ணிக்கையோடு கேட்கும் ஊரைப் பார்த்து எந்த அதிகாரியும் எளிதில் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார்.

குருமடத்தில் எங்களுக்குத் தத்துவமும் இறையியலும் பல ஆண்டுகள் கற்றுத் தந்தார்கள். ஒரு பிள்ளையின் கீழிமையை மெல்ல இழுத்து இரத்தம் இருக்கிறதா என்று பார்க்க யாரும் கற்றுத்தரவில்லை. அதைச் சென்ற ஆண்டு நம் கிராம சுகாதாரச் செவிலியரிடம்தான் கற்றுக்கொண்டோம். ஐம்பதைக் கடந்தபின் கற்றது. நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள், இன்றிரவே உங்கள் பிள்ளையைச் சற்று நிறுத்திப் பாருங்கள். வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் பைக்குள்ளும் பெட்டிக்குள்ளும் ஏதாவது சீட்டு மடித்துக் கிடக்கிறதா என்று தேடுங்கள். கிடந்தால், வாசிக்கத் தெரியாவிட்டாலும் கூச்சப்படாமல், நாளைக் காலை பள்ளிக்கோ பங்கு இல்லத்துக்கோ கொண்டுவாருங்கள். நாங்கள் வாசித்துச் சொல்கிறோம். உடனும் வருகிறோம்.

இந்தப் பங்கை ஐம்பது ஆண்டுகள் நடத்தி வந்த இறைவன், நம் பிள்ளைகளுக்கு நல்ல உடலும் தெளிந்த கண்ணும், நமக்கு அவர்களோடு நடக்கும் கால்களும் தருவாராக.